பூகம்பத்தில் விழாத வீடுகள்
ஆமதாபாத் பழைய நகரில் ஒரு காலை நடை

2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி. குடியரசு தினம். காலை 8.46 மணி. குஜராத் மாநிலம் குலுங்கியது. கட்ச் மாவட்டத்தில் பூஜ் நகரம் மண்மேடானது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஆமதாபாத்திலும் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் சரிந்தன. அந்த நகரில் மட்டும் 700-க்கும் அதிகமான பேர் மாண்டார்கள்.

சரிந்தவற்றில் பெரும்பாலானவை சிமெண்டும் கம்பியும் கொண்டு அண்மையில் கட்டப்பட்டவை. காலுப்பூர் ரெயில் நிலையத்துக்கு மேற்கே, பழைய நகரத்தின் சந்துகளுக்குள் இருந்த நூறு, நூற்றைம்பது வயது மர வீடுகளின் கதை வேறு. சில வீடுகளில் சுவர் வெடித்தது. சில வீடுகளில் கைப்பிடிச்சுவர் உதிர்ந்தது. ஆனால் மிகப்பல வீடுகள் நின்ற இடத்தில் நின்றன. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அன்று விழாத அந்த வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக விழுகின்றன. நிலம் அசையவில்லை. கதவில் பூட்டுத் தொங்குகிறது. அவ்வளவுதான்.

நிலையத்தின் மறுபக்கம்

ஆமதாபாத்துக்கு வரும் தமிழர்கள் பலர். மணிநகர், கோக்ரா பகுதிகளில் இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களும் உண்டு. மும்பையிலிருந்து வேலை நிமித்தமாக வந்து போகிறவர்களும் உண்டு. ரெயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள். நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் ஒரு 600 ஆண்டு நகரம் இருப்பதைப் பார்க்காமலே பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

ஆமதாபாத்தை 1411-ம் ஆண்டு நிறுவியவர் சுல்தான் அகமது ஷா. அவருடைய பேரன் முகமது பேகடா காலத்தில் நகரைச் சுற்றி மதில் எழுந்தது. மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. வாயில்கள் பல நிற்கின்றன. மதிலுக்குள் அடங்கிய பழைய நகரத்தின் பரப்பு ஏறத்தாழ ஐந்தரை சதுர கிலோமீட்டர்.

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவில் இந்தப் பெருமையைப் பெற்ற முதல் நகரம் ஆமதாபாத்தான். தாஜ்மகாலும் தஞ்சைப் பெரிய கோவிலும் தனித்தனிக் கட்டடங்களாகப் பட்டியலில் ஏறியவை. இங்கே ஒரு நகரமே, அதில் குடியிருப்பவர்களின் வீடுகளோடு சேர்த்து, பட்டியலில் ஏறியது.

எப்படி நடப்பது?

1997-ம் ஆண்டு நவம்பர் 19-ந்தேதி ஆமதாபாத் மாநகராட்சி ஒரு பாரம்பரிய நடையைத் தொடங்கியது. வழிகாட்டியோடு நடப்பது அந்த ஏற்பாடு. காலுப்பூர் சுவாமிநாராயண் கோவிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும். ஆனால் வழிகாட்டி இல்லாமலும் ஒருவர் தானே நடந்து பார்த்துவிடலாம். தூரம் அதிகமில்லை. நின்று நிதானமாகப் பார்த்தாலும் இரண்டரை மணி நேரம் போதும்.

மும்பையிலிருந்து ஏறத்தாழ 490 கிலோமீட்டர். இரவு ரெயிலில் ஏறினால் விடிந்ததும் ஆமதாபாத்தில் இறங்கலாம். நிலையத்தின் மேற்குப் பக்கம், அதாவது காலுப்பூர்ப் பக்கம் வெளியே வர வேண்டும். கிழக்குப் பக்கம் சரஸ்பூர். அங்கே வந்துவிட்டால் நடை திசைமாறிவிடும். காலுப்பூர் வாயிலைக் கேட்டு, அதன் வழியாக மேற்கே போனால் சுவாமிநாராயண் கோவில்.

காலை 8 மணிக்குத் தொடங்குவது நல்லது. கடைகள் திறந்துவிட்டால் சந்துகளில் கைவண்டியும் ஸ்கூட்டரும் நிறைந்துவிடும். மேலே பார்த்து நடக்க முடியாது. இந்த நடையில் பார்க்க வேண்டியவை பாதி தலைக்கு மேலேதான் இருக்கின்றன.

ஒரு யோசனை. வழி கேட்கும்போது பெரியவர்களைக் "காகா" என்றும், வயதான பெண்களை "மாசி" என்றும் அழைக்கலாம். காகா என்றால் சித்தப்பா. மாசி என்றால் தாயின் உடன்பிறந்தவள், அதாவது சித்தி, பெரியம்மா. முறை சொல்லி அழைப்பது குஜராத்திக்காரர்களுக்கும் பிடிக்கும். வழி சொல்வதோடு நிற்காமல் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

கோவிலே ஒரு வீட்டுப் பாடம்

சுவாமிநாராயண் சம்பிரதாயத்தின் முதல் கோவில் இது. 1822-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. பர்மா தேக்கில் செதுக்கிய தூண்களும் வளைவுகளும் வண்ணம் பூசப்பட்டு நிற்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேக்கு புதிதல்ல. கடல் கடந்து வந்த அதே பர்மா மரம் காரைக்குடியில் தூணாயிற்று. இங்கேயும் தூணாயிற்று.

கோவில் வளாகத்தில் உள்ள மர வேலைப்பாட்டை ஐந்து நிமிடம் ஊன்றிப் பார்த்துக்கொள்வது நல்லது. தூணின் அடியில் கல். கல்லின் மேல் மரத்தூண். தூணின் தலையில் தாங்குகட்டை. தாங்குகட்டையின் மேல் உத்தரம். இனி வழிநெடுகப் பார்க்கப் போகும் வீடுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அரிச்சுவடி.

போள் என்றால் என்ன?

பழைய நகரத்தில் தெருவுக்குப் பெயர் "போள்". வாயில் என்று பொருள் தரும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பெரிய சாலையிலிருந்து ஒரு வாசல். அதற்குள் ஒரு சந்து. சந்தின் இருபுறமும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீடுகள். சந்து வளைந்து வளைந்து போய் ஒரு முற்றத்தில் முட்டி நிற்கும். முன்காலத்தில் இரவானால் வாசல் கதவை அடைத்துவிடுவார்கள். காவல்காரர் ஒருவர் இருப்பார். நம்மூர் அக்கிரகாரம், செட்டியார் தெரு, நாடார் உறவின்முறைத் தெரு போல, ஒரே சாதி அல்லது ஒரே தொழிலைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரு போளில் சேர்ந்து இருந்தன.

போளுக்கென்று பஞ்சாயத்து இருந்தது. வீட்டை விற்க வேண்டுமானால் முதலில் போளுக்குள் இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. கல்யாணம் நடந்தாலும் வீடு கைமாறினாலும் போளின் பொதுநிதிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வாசல் கதவும் கிணறும் பழுது பார்க்கப்பட்டன.

அந்தக் கட்டுப்பாட்டை நல்லது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்நியரை உள்ளே விடாத கட்டுப்பாடு அது. ஆனால் ஒன்று உண்மை. ஒருவர் வீடு பழுதானால் அது மற்றவர்களுக்கும் கவலையாக இருந்தது. ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும்போது வேறு வழியில்லை.

போள் வாசலில் இன்றும் சில இடங்களில் கரும்பலகை இருக்கும். கூட்டம், பூஜை, துக்கச் செய்தி எல்லாம் அதில் எழுதப்படும். உள்ளே நுழைந்தால் கம்பத்தின் மேல் கூண்டு போல ஒன்று நிற்கும். அது பறவைகளுக்கு இரை போடும் இடம். "சபூத்ரோ" என்று பெயர். நகரம் கட்ட மரங்களை வெட்டியவர்கள், பறவைகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு அது என்று சொல்வார்கள்.

கவிஞர் திண்ணையில் இருக்கிறார்

கோவிலுக்கு அருகில் லம்பேஷ்வர் நி போள். இங்கேதான் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்தார். பிறந்த ஆண்டு 1820. மறைந்த ஆண்டு 1898. அலெக்சாண்டர் கின்லாக் பார்ப்ஸ் என்ற ஆங்கில அதிகாரிக்குக் குஜராத்தி சொல்லிக் கொடுத்தவர். பார்ப்ஸ் எழுதிய குஜராத் வரலாற்று நூலுக்கு ஊர் ஊராகச் சென்று செய்தி திரட்டித் தந்தவரும் இவரே.

கவிஞரின் வீடு இன்று இல்லை. அந்த இடத்தைச் சிறு சதுக்கமாக்கி, வீட்டின் முகப்பை மட்டும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் கவிஞர் அமர்ந்திருக்கும் உலோகச் சிலை. பீடம் இல்லை. வேலி இல்லை. பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

முகப்பு இருக்கிறது. வீடு இல்லை. இந்த நடையின் முதல் வீடே இப்படித் தொடங்குகிறது.

வீட்டுக்குள் என்ன இருக்கிறது?

அங்கிருந்து ஹாஜா பட்டேல் நி போள். இதற்குள் காலா ராம்ஜி கோவில் இருக்கிறது. கருங்கல்லில் ராமர் அமர்ந்த கோலம். வெளியிலிருந்து பார்த்தால் கோவில் என்று தெரியாது. ஒரு பெரிய வீடு போலத்தான் இருக்கும். வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள இது வசதியான இடம்.

முதலில் திண்ணை. குஜராத்தியில் "ஓட்லா". தெருவை விட இரண்டு மூன்று படி உயரம். மாலையில் பெண்கள் கீரை ஆய்வதும், பெரியவர்கள் பத்திரிகை படிப்பதும் இங்கேதான். அடுத்து நடை. அதைத் தாண்டினால் "சௌக்" என்ற திறந்த முற்றம். வெயிலும் காற்றும் மழையும் வீட்டுக்குள் வருவது இதன் வழியாகத்தான். கோடையில் 44, 45 டிகிரி கொதிக்கும் ஊர் இது. குறுகிய சந்து நிழல் தருகிறது. முற்றத்தின் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடுகிறது. மின்விசிறி வராத காலத்தில் மக்கள் இப்படித்தான் சமாளித்தார்கள்.

முற்றத்தின் தரைக்குக் கீழே இன்னொரு அதிசயம் இருக்கிறது. "டாங்கா" என்னும் மழைநீர்த் தொட்டி. மொட்டை மாடியில் விழும் மழை குழாய் வழியாக இறங்கி இந்த நிலவறைத் தொட்டியில் சேரும். முதல் மழையில் மாடியைக் கழுவி, அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். அடுத்து வரும் மழையைத்தான் பிடிப்பார்கள். வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் தண்ணீர் ஆண்டு முழுவதும் கெடாது. குடிக்கவும் சமைக்கவும் அதுதான்.

2003-ம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இங்கே சட்டம் இல்லாமலே பல தலைமுறைக்கு முன் அதைச் செய்திருக்கிறார்கள்.

அதே போளில் சாந்திநாதர் சமணக் கோவில். உள்ளே மரத்தில் செதுக்கிய வேலை ஏராளம். காலணியை வெளியே விட வேண்டும். தோல் பொருள்களை எடுத்துச் செல்லக் கூடாது. படம் எடுப்பதற்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் விழவில்லை?

ரிலீப் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போனால் தோஷிவாடா நி போள். அதன் உள்ளே "குவாவாலா காஞ்சோ", அதாவது கிணற்று மூலை. ஒரு கிணற்றைச் சுற்றிப் பல காலத்து வீடுகள். ஒன்றில் மராட்டிய பாணி. ஒன்றில் முகலாயச் சாயல். ஒன்றில் ஆங்கிலேயர் காலத்துத் தூண். வீட்டுக்காரர்கள் ஊரில் வந்த ஒவ்வொரு மோஸ்தரையும் முகப்பில் ஏற்றிக்கொண்டார்கள். உள்ளே இருந்த கட்டுமானத்தை மட்டும் மாற்றவில்லை.

அந்தக் கட்டுமானத்தில்தான் பூகம்ப ரகசியம் இருக்கிறது. பூச்சு உதிர்ந்த சுவர் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும். செங்கல் வரிசைகளுக்கு நடுவே, குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை, மரச்சட்டம் படுக்கையாக ஓடுவது தெரியும். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டுவது போல, சுவரைச் சுற்றி மரத்தால் கட்டியிருக்கிறார்கள். உத்தரமும் தூணும் இரும்பு ஆணியை மட்டும் நம்பி நிற்கவில்லை. துளையும் முளையுமாகப் பொருத்தப்பட்டவை.

நிலம் ஆடும்போது சிமெண்டுத் தூண் விறைத்து நிற்கும். கம்பி கட்டியதில் குறை இருந்தால் படீரென்று முறியும். மரம் வளைந்து கொடுக்கும். பொருத்துகள் கொஞ்சம் நெகிழ்ந்து ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். செங்கலில் விரிசல் விழுந்தாலும், அது அடுத்த மரச்சட்டம் வரை போய் நின்றுவிடும். 2001-ல் நடந்தது இதுதான்.

இது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது. 1819-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி கட்ச் பகுதியில் ஒரு பெரும் பூகம்பம் வந்து ஆமதாபாத்தையும் உலுக்கியது. அதைப் பார்த்த ஊர் இது. கொத்தனும் தச்சனும் பொறியியல் பட்டம் பெற்றவர்கள் அல்ல. எந்த வீடு நின்றது, எது விழுந்தது என்று பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்.

சேட்டாணியின் ஹவேலி

ஜவேரி வாட் வழியாகப் போனால் நகை வணிகம் செய்த சமணக் குடும்பங்களின் பகுதி. சில இடங்களில் ஒரு போளிலிருந்து அடுத்த போளுக்குப் போக, வீட்டுக் கதவு போலத் தெரியும் ஒரு வாசல் இருக்கும். அதற்குள் புகுந்தால் மறுபக்கத்துத் தெருவில் வெளியே வரலாம். கலகக் காலத்தில் தப்பிக்க வைத்த வழி. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். காகாவிடம் கேட்டால் காட்டுவார்.

இந்த வட்டாரத்தில் பார்க்க வேண்டிய பெரிய வீடு ஹர்குன்வர் சேட்டாணியின் ஹவேலி. ஹவேலி என்றால் மாளிகை. முகப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் மரத் தாங்குகட்டைகளின் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும்.

ஹர்குன்வர் யார்? ஹட்டீசிங் என்ற பெருவணிகரின் மனைவி. டெல்லி வாயிலுக்கு வெளியே ஒரு பெரிய சலவைக்கல் சமணக் கோவிலைக் கட்டத் தொடங்கிய கணவர் நடுவில் காலமானார். கோவில் வேலை நிற்கவில்லை. கணக்கு, கூலி, கல், சிற்பி எல்லாவற்றையும் அந்தப் பெண்மணியே கவனித்து 1848-ம் ஆண்டு முடித்தார். கணவரை இழந்த பெண்கள் மூலையில் இருத்தப்பட்ட காலம் அது. கோவிலுக்குக் கணவர் பெயர். வீட்டுக்கு அவருடைய பெயர்.

பூட்டு எப்படி வந்தது?

இந்த வீடுகளை விட்டு முதலில் போனவர்கள் பணக்காரர்கள். 1861-ம் ஆண்டு ரண்சோட்லால் சோட்டாலால் என்பவர் ஆமதாபாத்தின் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து மில்கள் பெருகின. போளில் பிறந்த மில் முதலாளிகள் தோட்டத்தோடு பங்களா கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். 1892-ம் ஆண்டு சபர்மதி ஆற்றின் மேல் எல்லிஸ் பாலம் இரும்பில் எழுந்த பிறகு, மேற்குக் கரையில் புதிய ஊர் வளர்ந்தது.

அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில் வாடகைக்காரர்கள் குடிவந்தார்கள். 1947-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மும்பைச் சால்களில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடகை உயரவில்லை. வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. குடியிருப்பவருக்கும் செலவு செய்ய மனமில்லை, தன் வீடு அல்லவே! ஒருவருக்கு வருமானம் இல்லை. மற்றவருக்கு உரிமை இல்லை. நடுவில் மரம் இற்றது.

அடுத்தது கலவரங்கள். 1969, 1985, 2002 ஆகிய ஆண்டுகளில் நடந்த மதக்கலவரங்களும் ஊரடங்கு உத்தரவுகளும் பழைய நகரத்தைப் பாதித்தன. பக்கத்துப் பக்கத்துப் போள்களில் தலைமுறையாக இருந்த இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் தங்கள் ஆட்கள் அதிகமாக உள்ள இடங்களைத் தேடிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

பிறகு பாகப்பிரிவினை. ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வாரிசு. ஒருவர் மும்பையில். ஒருவர் அமெரிக்காவில். ஒருவர் ஆற்றுக்கு மேற்கே பிளாட்டில். கையெழுத்துப் போட எல்லாரும் கூடுவதில்லை. விற்கவும் முடியாது. கட்டவும் முடியாது. கூடி எடுக்கும் ஒரே முடிவு பூட்டு.

பூட்டிய மர வீட்டுக்கு எதிரிகள் இரண்டு. கரையானும் மழையும். ஒரு ஓடு நகர்ந்தால், வீட்டில் ஆள் இருந்தால் அன்று மாலையே ஏறிச் சரி செய்துவிடுவார். ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒழுகி ஒழுகி, இரண்டு மூன்று மழைக்காலத்தில் உத்தரத்தின் தலை இற்றுவிடும். பூகம்பத்தில் வளைந்து கொடுத்த உத்தரம் அது.

சில வீடுகள் சாமான் கிட்டங்கியாகிவிட்டன. சில வீடுகளின் செதுக்கிய தூணும் கதவும் பிரித்து விற்கப்பட்டுவிட்டன. காரைக்குடிக் கடைகளில் செட்டிநாட்டு நிலைக்கதவுகள் விலைச்சீட்டோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

பட்டியல் காப்பாற்றுமா?

மாநகராட்சி 2,600-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் மிகப்பெரும்பாலானவை வீடுகள். பட்டியலில் உள்ள வீட்டை நினைத்தபடி இடிக்கக் கூடாது. அதற்கு ஈடாக ஒரு சலுகை உண்டு. பழைய வீட்டின் மேல் கட்டாமல் விட்ட அடுக்குகளுக்கான உரிமையை, வேறு இடத்தில் கட்டுபவருக்கு வீட்டுக்காரர் விற்கலாம். அந்தப் பணம் பழுது பார்க்க உதவும் என்பது திட்டம்.

சில ஹவேலிகளைப் புதுப்பித்து விருந்தினர் விடுதியாகவும் உணவகமாகவும் மாற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்குகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எல்லா வீடும் விடுதியாக முடியாது. வசதியுள்ளவர் ஒரு ஹவேலியைப் பளபளப்பாக்குகிறார். அடுத்த வீட்டில் தையல் வேலை செய்யும் வாடகைக்காரர் ஒழுகும் கூரைக்குப் பிளாஸ்டிக் விரிக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியம் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த வாடகைக்காரர் போய்விட்டால், மிஞ்சுவது கவிஞர் வீட்டைப் போல ஒரு முகப்பு.

நடந்து பார்க்கிறவர் இதை மறக்கக் கூடாது. இது கண்காட்சி அல்ல. குடியிருப்பு. திறந்த கதவுக்குள் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தண்ணீரும் தருவார்கள்.

நடையின் முடிவில்

அடுத்தது பெர்னாண்டஸ் பாலம். மேலே காந்தி ரோடு. கீழே புத்தகக் கடைகள். பள்ளிப் பாடப் புத்தகமும் வணிகர்களின் கணக்குப் புத்தகமும் குவிந்திருக்கும். குறைந்த விலைக்குப் பழைய புத்தகம் தேடும் பெற்றோரை இங்கே பார்க்கலாம்.

அங்கிருந்து முகூர்த்தப் போள். நகரின் முதல் போள் இது என்பார்கள். அதைத் தாண்டினால் மாணேக் சௌக். பகலில் நகைக்கடைகள். இரவில் அதே இடத்தில் சாப்பாட்டுக் கடைகள். ஒட்டினாற்போல ராணிகளின் சமாதியும், நகரை நிறுவிய அகமது ஷாவின் சமாதியும். சுற்றிலும் துணிக்கடை, வளையல் கடை.

கடைசியாக ஜும்மா மசூதி. 1424-ம் ஆண்டு கட்டப்பட்டது. 260 தூண்கள், 15 குவிமாடங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். உள்ளே போனதும் நடுவாசலின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டு கோபுரங்களின் அடிப்பகுதி மட்டும் நிற்கும். மேற்பகுதி 1819-ம் ஆண்டு பூகம்பத்தில் விழுந்தது. ஒரு சுல்தான் கல்லில் கட்டிய கோபுரம் அது.

ஜனவரி 14

பூட்டிய போள் வீடுகள் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும். உத்தராயண் பண்டிகை. ஜனவரி 14. அன்று ஆமதாபாத் முழுவதும் பட்டம் விடும். பட்டத்துக்குப் போள் மாடிகளை மிஞ்சிய இடமில்லை. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் ஒரு மாடியிலிருந்து மறு மாடிக்கு எட்டி வைத்துப் போய்விடலாம். மேற்கே பிளாட்டில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய வீட்டின் பூட்டைத் திறப்பார்கள். தூசி தட்டுவார்கள். மாடி ஏறுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மாடியை வாடகைக்கு விடுவதும் உண்டு. ஒரு நாள் மாடி வாடகை பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. இரண்டு நாள் ஆரவாரம். பிறகு மீண்டும் பூட்டு.

அதே நாளை ஒட்டித்தான் பொங்கல். திருநெல்வேலிப் பக்கம், ராமநாதபுரம் பக்கம், வட ஆற்காட்டுப் பக்கம் கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அப்போதுதான் திறக்கும். மும்பையிலிருந்தும் ஆமதாபாத்திலிருந்தும் சூரத்திலிருந்தும் ரெயிலில் நெருக்கியடித்துப் போய் இறங்குபவர்கள் திறப்பார்கள். திண்ணையைக் கழுவுவார்கள். வாசலில் கோலம் போடுவார்கள். பானை பொங்கும். நாலு நாளில் விடுமுறை தீரும். சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப ரெயில் ஏறுவார்கள்.

ஆகையால் இந்த நடையை நடந்து முடிக்கும் தமிழருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜும்மா மசூதியிலிருந்து காலுப்பூர் நிலையத்துக்கு ஆட்டோ ஏறும் முன்பு ஊருக்கு ஒரு போன் போடலாம். அத்தையிடம் கேட்கலாம். மழையில் ஓடு ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று.